ஏலம் எடுத்தும் வராதவன்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புறா ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தவரின் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கே புறாவைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்குவது எங்கள் வழக்கம்.

என் ஜோடிப் புறாவைத் திண்டிவனத்துக்காரன் ஒருவன் எடுத்தான். விழுப்புரத்திலிருந்து அட்டைப்பெட்டியோடு போய் நாலு மணி நேரம் நின்றேன். அவன் போனை எடுக்கவில்லை. என் மெசேஜ்களுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது. இவனையும் இப்படி நிற்கவைக்காமல் விடுவதில்லை என்று திரும்பும்போதே முடிவு செய்தேன்.

மறுமாதம் அவன் ஒரு ஜோடியை ஏலத்துக்கு விட்டான். நான் புது சிம் வாங்கி, வேறு பெயரில் குழுவில் சேர்ந்து, எல்லோரையும்விடக் கூடுதலாகக் கேட்டு எடுத்தேன்.

சித்திரை வெயில். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவன் பெட்டியோடு நிற்பதை எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தேன். மனசு குளிர்ந்தது. அவன் துண்டை நனைத்துப் பெட்டிமேல் போர்த்தினான். என் போன் அடித்தது, எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் அவன் குரல்பதிவு வந்து விழுந்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? பெட்டைப்புறா வாயத் தொறந்துக்கினு தவிக்குது. ஜல்தி வாங்கண்ணே."

முழுசாகக் கேட்டேன். இன்னொரு டீ சொன்னேன்.

மாலையில் அவன் குழுவில் எழுதினான்: "பெட்டை பஸ்லயே செத்துப்போச்சு."

ஏலம் எடுத்த அந்தப் பெயர்க்காரனை யாருக்கும் தெரியவில்லை; எல்லோரும் கொதித்தார்கள். நானும் என் பழைய எண்ணிலிருந்து கேட்டேன்: "யாருண்ணே அந்தப் பாவி?"

அவன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தப் பெட்டை எனக்கு என்ன செய்தது?

நான் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இன்றுவரை பதில் போடவில்லை.