கந்தப்பன் எழுதிய கட்டுரைகள்

எங்கள் கல்லூரி நூலகர் அறிவழகனைப் போல ஒரு வேலையை நம்பிச் செய்தவனை நான் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையே அவன் குடும்பத்துக்கு எமனாக வந்தது.

ராசிபுரத்திலிருந்து மல்லசமுத்திரம் போகும் வழியில், சோளக்காட்டுக்கு நடுவே எழும்பிய கல்லூரி எங்களுடையது. செயலாளர் சுவாமிநாதன் போர்வெல் வண்டிகள் விட்டுச் சம்பாதித்தவர். இன்றைக்கு எத்தனை அடி இறங்கியது என்று கேட்டுப் பழகிய மனிதர், பேராசிரியர்களிடமும் அதே தொனியில் எத்தனை பேப்பர் என்று கேட்பார். நான் தமிழ்த் துறை. எங்கள் கட்டுரைகளை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அதனால்தான் பிழைத்துக் கிடக்கிறேன்.

ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பது அறிவழகனின் யோசனை. அவர் என்ன ஆராய்கிறார், என்ன எழுதியிருக்கிறார் என்று உலகமே பார்க்கலாம். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய வழி தெரியாமல் ஆத்தூரில் ஒருவர் தவிக்கிறார், அதையே ஆராய்ந்த ஆள் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார், இது என்ன கொடுமை என்பான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு துறை துறையாக ஏறி இறங்கினான். கல்லூரி வாசலில் பிளெக்ஸ் கட்டினான். மாட்டேன் என்றவர்களிடம் கெஞ்சினான். ஆறுமாதத்தில் எல்லோருக்கும் பக்கம் வந்துவிட்டது.

இந்தப் பக்கங்கள் இருக்கும் இணையதளம், ஆசிரியரின் பெயரை வைத்துத்தான் கட்டுரைகளைத் தேடிச் சேர்க்கும். இயற்பியல் வெங்கடாசலத்தின் பக்கத்தில் மாட்டு வைத்தியக் கட்டுரைகள் வரிசையாக ஏறின. எங்கோ இருக்கும் இன்னொரு வெங்கடாசலம் எழுதியவை. நம்மவர் மறுப்பே சொல்லவில்லை. இதே குளறுபடி நாலைந்து பேருக்கு நடந்ததும் அறிவழகனுக்குக் கோபம் வந்தது. கல்லூரிப் பதிவில் உள்ள பெயரும் இனிஷியலும் அப்படியே பொருந்தினால்தான் கட்டுரை ஏறும் என்று பூட்டுப் போட்டான். இனி யாரும் பிறத்தியார் உழைப்பைத் திருட முடியாது என்று கூட்டத்தில் பெருமையாகச் சொன்னான். செயலாளர் கைதட்டினார்.

அந்தப் பூட்டில் முதலில் சிக்கியது அவன் மனைவி சௌந்தர்யா.

அவள் எங்கள் கல்லூரியிலேயே வேதியியல் ஆசிரியை. ஜவ்வரிசிக் கழிவுநீரை ஆராய்ந்தது அவள்தான். கல்யாணத்துக்கு முன் முதல் கட்டுரையை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பியபோது அந்தத் தளம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒற்றை எழுத்து இனிஷியலை அது ஏற்கவில்லை. இங்கே எல்லோரும் செய்வதைப் போல அப்பாவின் பெயரை முழுதாகத் தட்டினாள். அவள் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கி, எஸ். கந்தப்பன் என்று அச்சாகி வந்தது. அடுத்தடுத்த கட்டுரைகளும் அப்படியே வந்தன. கல்யாணமானதும் முறைப்படி புருஷன் பெயர் இனிஷியல் ஆனது. இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று அதை மாற்றிக் கொடுத்தவன் அறிவழகனே. குழந்தை பிறந்த பிறகு அவளால் உள்ளூர் இதழ்களில், புது இனிஷியலோடு, இரண்டு கட்டுரைதான் எழுத முடிந்தது. அவள் பக்கத்தில் அந்த இரண்டு மட்டும் தெரிந்தன.

அப்போதுதான் உத்தரவு வந்தது. பக்கத்தில் ஐந்து கட்டுரைக்குக் குறைந்தவர்களுக்கு ஜூன் முதல் வேலை இல்லை.

அன்று கல்லூரி பஸ்ஸில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க போட்ட பூட்டுதானுங்களே. எனக்கு ஒருக்கா திறந்து உடக்கூடாதுங்களா?"

"ஊட்டுக்காரிக்கு மட்டும் திறந்தா மத்தவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது, சாமி? மனுப் போட்டிருக்கறேன். முறையா வந்துரும்."

அவனைப் பளாரென்று ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் அவன் நியாயம் பேசுவதாகத்தான் நினைத்தான். இரண்டு பெயரும் ஒருவரே என்று சேர்க்கச் சொல்லி, கட்டுரைகளைத் தொகுக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு மனுப் போட்டிருந்தான். கட்டுரையில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் உறுதி கேட்டு அனுப்புவோம் என்று பதில் வந்தது. அது கல்லூரி கொடுத்த பழைய முகவரி. இனிஷியல் மாறியபோதே அதை மூடியிருந்தார்கள். மறுபடி எழுதினான், மறுபடியும் அதே பதில் வந்தது.

சௌந்தர்யா கட்டுரைகளை அச்செடுத்துக்கொண்டு செயலாளர் அறை வாசலில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் சொன்னதற்கு மேல் ஐயா எதையும் பார்க்கமாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெங்கடாசலம் காசு கொடுத்துத் தன் பெயரைச் சேர்த்துக்கொண்ட கட்டுரைகளோடு பத்திரமாக இருக்கிறார். வேலை போன சௌந்தர்யா இளம்பிள்ளையில் ஒரு சேலைக் கடையில், செல்போன் முன்னால் சேலையை விரித்து விலை சொல்லி விற்கிறாள். பஸ்ஸில் இப்போது அறிவழகன் தனியாக வருகிறான். வீட்டில் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை என்றான்.

போன மாதம் தரமதிப்பீட்டுக் குழு வரப்போவதாகச் சேதி வந்தது. கல்லூரியின் பெயரில் வந்த கட்டுரைகளையெல்லாம் திரட்டச் சொன்னார் செயலாளர். அறிவழகன் ஆள் பெயரை விட்டுக் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடியதும் கந்தப்பன் மேலே வந்து நின்றார். எங்கள் ஆசிரியர் வேறு எவருடைய கட்டுரையையும் உலகத்தில் இத்தனை பேர் எடுத்தாண்டதில்லை. வரவேற்புரையைக் காட்ட நான் செயலாளர் அறைக்குப் போயிருந்தபோது அவர் அறிவழகனிடம் கேட்டார்.

"ஏனப்பா, யாரு இந்தக் கந்தப்பன்? இப்பேர்ப்பட்ட ஆளை எதுக்கு உட்டோம்? எங்க இருந்தாலும் கூட்டிட்டு வா."

அறிவழகன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "என்ற மாமனாருங்க. மஞ்சக்காட்டு விவசாயி. இப்ப உசுரோட இல்லீங்க. எழுதுனது அவரு மகள். நீங்க நிறுத்துன சௌந்தர்யாங்க."

செயலாளர் திரையில் இருந்த பெயரை இன்னொரு தரம் படித்தார். அவளைத் திரும்பக் கூப்பிடுவார் என்று நான் முட்டாள்தனமாக நம்பினேன். நிறுத்தியவளைத் திரும்ப எடுத்தால் மற்றவர்களும் வந்து நிற்பார்கள், பேர் கந்தப்பனாகவே இருக்கட்டும், அந்தப் பேரில் ஒரு பக்கம் போட்டுவிடு என்றார். அறிவழகன் தலையாட்டினான்.

சாயந்திரம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தான். இறங்கும் இடம் நெருங்கியதும் என் பக்கம் திரும்பினான்.

"படம் போடாம பக்கம் திறக்காதுங்கய்யா. அவிங்கப்பா போட்டோ வேணும்னு அவகிட்ட எப்படிங்க கேக்கறது?"