இழை என்ற ஒரு சொல்

எங்கள் தெருவுக்குச் சடுகுடு சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர். வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். அவரைப் பற்றி எடுத்த எடுப்பில் திட்ட ஆரம்பித்தால் நியாயமாக இருக்காது. ஆகவே நல்லதை முதலில் சொல்லித் தொலைக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆட்டம் சொல்லித்தருகிறவர் என்றால் வாயில் வசவும் கையில் பிரம்பும் இருக்கும். இவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. யாராவது தப்பு செய்தால் நாலு பேர் எதிரில் சொல்லமாட்டார். ஆட்டம் முடிந்து வேகவதி ஆற்று மணலில் வீட்டுக்குத் திரும்பும்போது, தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போவார். “எங்க தப்பா போச்சுன்னு உனக்குத் தோணுது?” என்பார். பிறகு வாயைத் திறக்கமாட்டார். நாமேதான் பேச வேண்டும். அப்படித்தான் ஒரு நாள், பாடிக்கொண்டு வருகிறவன் கண்ணைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் தகப்பனாரிடம்கூடச் சொல்லாத விஷயம். அவர் சிரிக்கவில்லை. கண்ணைப் பார்க்காதே, முட்டியைப் பார் என்றார். பயம் போயே போய்விட்டது.

களத்தில் நீளமாகப் பேசக்கூடாது என்பது அவர் கட்சி. ஒரே சொல்தான் சொல்ல வேண்டும், அதுவும் ஆடுகிறவனுக்குப் பழகின சொல்லாக இருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் தறியில் உட்காருகிறவர்கள். அதனால் தறிப் பேச்சையே எடுத்துக்கொண்டார். கைகோத்து வளைக்க வேண்டுமானால் ‘கோர்வை’. பாடி வந்தவனுக்கு மூச்சு அறுந்துவிட்டால் ‘இழை’. பாவில் ஓர் இழை அறுந்தால் பக்கத்தில் இருப்பவர் ‘இழை’ என்பார். நெய்கிறவன் கை அந்த நொடியே நிற்கும். யோசித்துக்கொண்டு இருந்தால் சேலை பாழ். அதே மாதிரி மூச்சு அறுந்தவனை மேலும் அமுக்கினால் அவன் எலும்பு முறியும். ‘இழை’ என்றால் விட்டுவிட வேண்டும். “காது கேட்டா பத்தாதுபா, கை கேக்கணும்” என்பார். எங்கள் கை கேட்கப் பழகியது.

எங்களுக்கு இருந்த ஒரே குறை இடம். மழைக்காலத்தில் ஆற்று மணல் தண்ணீருக்குள் போய்விடும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நல்ல மைதானம் இருந்தது. கேட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களை ஜெயித்துக் காட்டுங்கள், சாயங்காலத்தில் வந்து ஆடிக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். அந்த மைதானத்துக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பந்தயத்தன்று வாத்தியாரைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் விசில். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்துவிட்டாராம். வேலை கிடைத்தது தப்பில்லை. வயிறு எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம்தான் என் தோளில் கைபோட்டு நடந்து, நாளைக்கு நீ நடுவில் நில் என்று சொன்னார். அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருந்தாலும் நன்றாகவே ஆடினோம். கடைசியில் எங்கள் பக்கம் நாலு பேர், அவர்கள் பக்கம் ஒருவன் மட்டும். அவன் பாடிக்கொண்டு வந்தான். நான் முட்டியைப் பார்த்தேன், பாய்ந்து பிடித்தேன். மற்ற மூவரும் மேலே விழுந்தார்கள். அவன் பாட்டு கொசு ரீங்காரமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. மைதானம் எங்களுடையது என்றே நினைத்தேன்.

“இழை” என்று குரல் வந்தது. மெதுவாக, எப்போதும் போல.

எங்கள் நாலு பேர் கைகளும் விட்டுவிட்டன. அவன் பாட்டு அறுந்திருக்கவில்லை. பாடிக்கொண்டே ஊர்ந்துபோய்க் கோட்டைத் தொட்டான். அவனைத் தொட்ட நாங்கள் நாலு பேரும் ஆட்டம் இழந்தோம். நடுவரிடம் என்னவென்று முறையிடுவது? யாரோ ‘இழை’ என்றார்கள், அதனால் விட்டோம் என்றா?

நேராக அவரிடம் போனேன். தோளில் கைபோட வந்தார். விலகிக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் இப்ப அவங்க வாத்தியாருபா,” என்றார். “நீ ஏன் என் பேச்சைக் கேட்ட?”

அதே தணிந்த குரல். சொல்லிவிட்டு, ஆற்று மணலில் காத்திருப்பாரே, அப்படியே காத்திருந்தார். தப்பு எங்கே என்று இந்தத் தடவையும் என் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்த்தார். அடித்திருக்கலாம் அந்த மனுஷனை. நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. நாங்கள் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டில் அந்தச் சொல்லை இனி யாரும் சொல்லக்கூடாது என்றேன். இழை அறுந்தால் ‘நிறுத்து’ என்கிறார்கள். கை சட்டென்று நிற்பதில்லை. இரண்டு மூன்று சேலை பாழாகிவிட்டது. ஆகட்டும்.