என் பங்குச் சுமை

கும்மிடிப்பூண்டி பஜாருக்கு மகனுக்கு மழைக்கோட்டு வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு பையை நீட்டி, "டெண்ட்டு மேடம், புச்சா வந்துகீது, நாலு பேர் படுக்கலாம்" என்றார். ஒற்றை விரலில் தூக்க முடிந்தது. அதன் பிளாஸ்டிக் வாசனை என்னை நேராக ஒன்பதாம் வகுப்புக்கு இழுத்துப் போய்விட்டது.

கவரைப்பேட்டையில் படித்தேன். வருடம் ஒருமுறை எங்கள் சாரணியர் அணி ஆந்திரப் பக்கத்து மலையில் ஏறி, கூடாரம் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு இறங்கும். சுமையை எல்லாரும் பங்கு போட்டுத் தூக்க வேண்டும், அதுதான் சட்டம். கூடாரம் என்றால் லாரித் தார்ப்பாய். எனக்கோ சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன வலது கால். "நீ கீழ டீக்கடையாண்ட குந்திகினு இரு கண்ணு, வந்துடுறோம்" என்றார் டீச்சர். பாசமாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு இரும்பு ஆலையில் வேலை. கனமாக இருந்தால்தான் உறுதி என்று நம்புகிற கூட்டம் எங்கள் தெரு. நானும் மலையேற வேண்டும் என்று முறுக்குக் கம்பியில் ஊன்றுகோல் செய்துகொண்டு வந்தார். "லாரி ஏறினாகூட வளையாது, பாரு!" என் மேல் லாரி ஏறப்போகிறதா என்ன? தெருக்கோடி வரை நடந்து பார்த்தேன். காலுக்கு முன்னால் கை செத்துப்போனது.

தோழி ஸ்டெல்லாதான் சண்டைக்கு நின்றாள். "இன்னாத்துக்கு டீச்சர் அந்தத் தார்ப்பாயி? மழையா பெய்து? எங்கம்மா கம்பெனில பேக்கிங் ஷீட்டு கீது, கேட்டு வாங்கினு வரேன்." தார்ப்பாய் போனது. அதோடு இரும்பு அண்டாவும் போய் அலுமினியச் சட்டி வந்தது. எல்லார் முதுகிலும் சுமை இளைத்தது. ஷீட்டும் கயிறும் என் பங்கு. நைனாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அலுமினியக் குழாயில் வேறு கோல் செய்தார். "காத்தடிச்சா பறந்துடும், சொல்ட்டேன்."

பறக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசி ஆளாக ஏறினேன். மேலே அத்தனை பேரும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேராமல் நிழல் இல்லையே! "ஏய், கூரை வந்துகினு கீதுடி!" என்று கூவினாள் ஸ்டெல்லா. அன்றைக்கு எனக்கு ஏறிய தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மலையேற்றம் எப்போதோ நின்றுவிட்டது. பிள்ளைகள் இப்போது ஏசி பஸ்ஸில் தீம் பார்க் போகிறார்கள், போகட்டும். போன மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து பழவேற்காடு போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு சாப்பாட்டுப் பையை எடுத்தேன். "ஐயோ, வைங்க மேடம், நீங்க சும்மா வந்தா போதும்" என்று நாலு பேர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். யாரும் எனக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.