மஞ்சள் போன வழி

சித்ராதேவி யார் சொல்வதையும் லேசில் நம்பமாட்டார். நிறத்தை நம்புவார். பதினோரு வருடம் ஒரு சாயப்பட்டறை லேபில் நின்று, "இதுல நீலம் கொஞ்சம் தூக்கலுங்க" என்று முதலாளியையே திருப்பி அனுப்பியவர். பட்டறையை மூடிய பிறகு, மாநகராட்சிக்காக வீடு வீடாகப் போய் மழைநீர் சேகரிப்பைச் சரிபார்க்கும் ஒப்பந்த வேலைக்கு வந்தார்.

வேலை சுலபம் என்றுதான் நினைத்தார். மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கல்லும் மணலும் நிரப்பிய குழியில் முடியவேண்டும். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் போகவேண்டும். அவ்வளவுதான். ஆனால் முதல் வாரமே ஒரே தெருவில் ஒரே குழாயை மூன்று வீட்டில் பார்த்தார். மூன்றிலும் அதே இடத்தில் அதே காக்கா எச்சம். அவர் முன்வாசலில் படிவம் எழுதி முடிப்பதற்குள் குழாய் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது!

அன்றிலிருந்து கைப்பையில் மஞ்சள் தூள் ஏறியது. மாடியில் ஒரு குடம் தண்ணீரில் கலக்கி ஊற்றுவார்; கீழே வந்து மஞ்சள் எங்கே வருகிறதென்று தேடுவார். ஒரு வீட்டில் செருப்பு ஸ்டாண்டுக்குள் வந்தது. இன்னொரு வீட்டில் எங்கேயும் வரவில்லை. குழாயைச் சும்மா ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

ஐப்பசி மழைக்கு முந்தைய வாரம் அனுப்பர்பாளையத்தில் சுப்பண்ணன் வீட்டுக்குப் போனார். பனியன் கம்பெனி வைத்திருப்பவர். ஊரளவு மாடி. குழியை மூடிய கிரானைட் பலகையில் திறப்பு விழாத் தேதியும் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன.

"மஞ்சளெல்லாம் எதுக்குங்க அம்மிணி? கொத்தனார் கெட்டிக்காரனுங்க" என்றார் சுப்பண்ணன்.

"ஒரு குடந்தானுங்க."

ஊற்றிவிட்டு வந்து, கம்பெனி ஆட்கள் இருவரை விட்டுப் பலகையைத் தூக்கச் சொன்னார். குழி காய்ந்து கிடந்தது. இன்னொரு குடம் ஊற்றினார். அப்போதும் அப்படியே.

"மண்ணு குடிச்சிருச்சுங்க."

"குடிச்சா வாயாச்சும் நனையுமுங்களே!"

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "ரங்காத்தா! ஓடியா! கெணத்துல மஞ்சத்தண்ணி கொட்டுது! மாரியாத்தாளே வந்துட்டா!"

சித்ராதேவி சுற்றிக்கொண்டு ஓடியபோது பக்கத்து வீட்டு ராசப்பன் கிணற்றடியில் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார். சித்ராதேவி எட்டிப் பார்த்தார். கிணற்றுச் சுவரிலிருந்த ஒரு பழைய சிமெண்ட் குழாயிலிருந்து மஞ்சள் ஒழுகிக்கொண்டிருந்தது.

சுப்பண்ணனும் ராசப்பனும் பங்காளிகள். மதில் கட்டிய தகராறில் ஏழு வருடமாகப் பேச்சில்லை. பாகம் பிரிக்கும் முன் போட்ட குழாய் அது. குழி தோண்டும்போது தட்டுப்பட்டதைப் பார்த்த கொத்தனார், குழிவரை வளைத்துப் பூட்டச் சோம்பல்பட்டு, மாடிக் குழாயை அதிலேயே சொருகிவிட்டுப் போயிருந்தார். ஐந்து வருடமாகச் சுப்பண்ணன் மாடி மழை முழுக்க ராசப்பன் கிணற்றுக்குத்தான் போயிருக்கிறது. சுப்பண்ணன் லாரித் தண்ணீரில் குளிக்க, ராசப்பனோ, "நல்ல மனசுக்காரன் கெணறு சித்திரையிலயும் வத்தாதுங்க" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இரண்டு தலைகளும் மதிலுக்கு மேல் வந்தன. நடுவே நான்கடி இடைவெளி.

"அம்மிணி, அவருகிட்டச் சொல்லுங்க. அஞ்சு வருசமாக் குடிச்சது எங்க ஊட்டு மழை!"

"அம்மிணி, மழை மானத்துல இருக்கறப்ப அதுல பேரு எழுதியிருந்துச்சான்னு கேளுங்க!"

சித்ராதேவி நாலைந்து முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சுப்பண்ணன் வீட்டுப் படிவத்தை விரித்தார். மழைநீர் நிலத்தடிக்குச் செல்கிறதா? ஆம். செயல்பாடு? மிக நன்று. ஏழு மாதத்தில் அவர் எழுதிய முதல் 'மிக நன்று'.

"எனக்கு ஒரு சொட்டு வல்லீங்களே!" என்று அலறினார் சுப்பண்ணன்.

"யாருக்குப் போகுதுன்னு படிவத்துல கேக்கலீங்க."

"நாளைக்கே குழாயை வெட்டி உடறேன்."

"வெட்டுனீங்கன்னா மாநகராட்சி நோட்டீஸ் வருமுங்க."

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளும் சுப்பண்ணன் குடையோடு மாடியில் நின்று, தன் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சோறு இறங்கவில்லையாம். நான்காம் நாள் ராசப்பன் மனைவி ரங்காத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. மதிலுக்கு மேல் ஒரு ரப்பர் குழாயை வீசிவிட்டுச் சித்ராதேவிக்குப் போன் போட்டார்.

"அம்மிணி, மோட்டார் போடறேன். தொட்டிய நெறச்சுக்கச் சொல்லுங்க."

சித்ராதேவி சொன்னார். சுப்பண்ணன் அரைமணி யோசித்துவிட்டு ரப்பர் குழாயை எடுத்துத் தொட்டியில் போட்டார். அதற்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் போன். "மோட்டார் போடச் சொல்லுங்க அம்மிணி." "போட்டாச்சுன்னு சொல்லுங்க அம்மிணி." மாநகராட்சி வேலையோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் வேறொரு வார்டில் ஏணியில் பாதி ஏறியிருக்கும்போது சுப்பண்ணன் கூப்பிட்டார். "தொட்டி வழியுதுங்க! சீக்கிரம் நிறுத்தச் சொல்லுங்க!"

"ஏனுங்க, நான் ஏணியில தொங்கறனுங்க. அந்தப் பக்கந் திரும்பி நீங்களே சொல்லுங்க!"

தண்ணீர் கொட்டுவது மட்டும் போனில் கேட்டது.

"டேய் ராசப்பா! மோட்டாரை நிறுத்துடா!"

"நிறுத்தறண்டா! எதுக்குக் கத்தறே? காது கேக்குது!"

"ஏழு வருசமாக் கேக்கலையேடா!"

"நீ எங்கடா கூப்புட்டே?"

சண்டை மதிலில் ஆரம்பித்து, பாகப்பிரிவினைக்குப் போய், ஒரு கல்யாணத்தில் யாருக்கோ வெற்றிலை வைக்காததில் வந்து நின்றது. தொட்டி பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. சித்ராதேவி ஏணியிலேயே சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டுச் சிரித்தார். பிறகு போனை வைத்தார். அதற்கப்புறம் அந்த இரண்டு வீட்டிலிருந்தும் அவருக்குப் போன் வரவில்லை.