அந்தோணிக்காக ஒரு நிமிஷம்

எங்கள் ஊர் கால்பந்து கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் கோல் கம்பத்தில் ஒரு பழைய மஞ்சள் ஜெர்சியை மாட்டிவிட்டு, ஒரு நிமிஷம் தலை குனிந்து நிற்போம். உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்துவிடுவார்கள். செத்துப்போன எங்கள் கோல்கீப்பர் அந்தோணிக்காக. கேப்டனாக இருந்தபோது அதை ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

அந்தோணி எங்கள் வெண்ணந்தூருக்குத் தறி ஓட்ட வந்த வெளியூர்க்காரன். ஓமலூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கால் இடுக்கில் ஒரு கோலை விட்டான். எல்லார் முன்னாலும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திரும்பும்போது வேனில்கூட ஏற்றவில்லை. மறுவாரமே போர்வெல் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போய்விட்டான். பிறகு அங்கே ஒரு போர்வெல் வண்டி கவிழ்ந்து, நம் பக்கத்து ஆள் ஒருவர் இறந்ததாகக் கேள்விப்பட்டோம். அந்தோணிதான் என்று நானே முடிவு கட்டினேன். யாரிடமும் விசாரிக்கவில்லை.

போன மாசம், அந்த ஒரு நிமிஷத்தின் நடுவில் நிமிர்ந்து பார்த்தேன். வேலியோரம் நரைத்த தாடியோடு அந்தோணி நின்றிருந்தான். அவனும் தலை குனிந்திருந்தான்.

ஆட்டம் தொடங்கியதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கை சூடாக இருந்தது.

"வா, பசங்ககிட்டச் சொல்றேன்."

"வேண்டாமுங்க கேப்டன். உசுரோட இருந்தப்ப எனக்காக யாருங்க எந்திரிச்சாங்க? இது இப்படியே இருக்கட்டுமுங்க."

பஸ் ஏறிப் போய்விட்டான்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் ஜெர்சியை மாட்டிவிட்டு வேலியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இத்தனை வருஷம் செத்தவனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்கவில்லை.