ஒன்பது கல்லும் ஒரு வைரவரும்

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் கல் கிடையாது. மணல் இருக்கிறது, மீன் இருக்கிறது, காகம் தேவைக்கு மேல் இருக்கிறது. கல் வேண்டுமானால் பாலம் தாண்டிப் பெருநிலப் பக்கம் போய்த்தான் ஏற்றிவர வேண்டும். அதனால் ஒரு வீட்டில் நல்ல கல் இருந்தால் அது ஊருக்கே தெரியும். மிளகாய்த்தூள் இரவல் வாங்குவதுபோல அதையும் இரவல் வாங்குவார்கள். திருப்பிக் கொடுப்பதும் மிளகாய்த்தூளைப் போலத்தான்.

அப்பேர்ப்பட்ட ஊரில், 2018ஆம் ஆண்டு, பெற்றிசியா ஒன்பது கற்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

பெற்றிசியாவின் வரலாறு சுருக்கமானது. தாழ்வுபாட்டில் பிறந்தார், கலியாணம் முடித்து இங்கிலாந்து போனார், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு வருடம் கிழவர்களைக் குளிப்பாட்டினார். ஒரு மாசிமாதக் காலையில் கணவர் கொன்ஸ்ரன்ரைன் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாகக் கதிரையில் இருந்தபடியே செத்துப்போனார். பெற்றிசியா அம்புலன்சுக்குச் சொன்னார், கோப்பையைக் கழுவி வைத்தார், அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை. மூன்று வருடமாகியும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுவதும் இருந்தது. தொட்டால் தெரிந்தது, தன்னுடையது என்றுதான் தெரியவில்லை.

இந்த நிலையில் கூட வேலைசெய்த வெள்ளைக்காரி ஒருத்தி அவரைத் துரூயிட்டுகளிடம் கூட்டிப்போனாள். துரூயிட்டுகள், கிறிஸ்தவத்துக்கு முந்திய இங்கிலாந்தின் பழைய சமயத்தை மீட்டெடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் நல்ல மனிதர்கள். சனிக்கிழமை வெள்ளை அங்கி போட்டு ஓக் மரத்தை வணங்கி, யாரோ எந்தக் காலத்திலோ வட்டமாக நட்டுவைத்த கற்களின் நடுவில் நிற்பார்கள். திங்கட்கிழமை கந்தோருக்குப் போவார்கள். கல்லில் உள்ளங்கையை வைத்து மனத்தை வெறுமையாக்கினால் உள்ளுணர்வு பேசும் என்பது அவர்களுடைய போதனை. வெறுமையாக்குவதில் பெற்றிசியாவை அடிக்க ஆளில்லை, சான்றிதழே கொடுத்தார்கள். உள்ளுணர்வுதான் வாய் திறக்கவில்லை. சொந்த மண்ணில் ஒரு வட்டம் வைத்தால் அது பேசும், அழுகையும் வரும் என்றார் தலைவர். கொன்ஸ்ரன்ரைனுக்காக ஒரே ஒருமுறை அழுதுவிட வேண்டும். பெற்றிசியாவிடம் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

கல் கொடுத்தவர் பெருநிலப் பக்கத்து இலுப்பைக்கடவை நவரத்தினம் என்ற வயல்காரர். உழும்போது முட்டிய கற்களை வரம்போரம் குவித்து வைத்திருந்தார். தன் உழவு இயந்திரத்திலேயே ஏற்றி அனுப்பினார். சின்னக் குடத்தளவு கற்கள் ஒன்பதும் கரையில் வட்டமாக வைக்கப்பட்டன. ஓக் மரத்துக்கு மன்னாரில் ஆள் கிடைக்காததால், பக்கத்தில் நின்ற உடைமரம் அந்தப் பதவியில் அமர்த்தப்பட்டது.

பங்குச்சுவாமி சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"கெபியோ கட்டப் போறீங்கள்? எந்தப் புனிதருக்கு?"

"இன்னும் தெரியேல்லை, ஃபாதர்."

"தெரிஞ்சவுடனை சொல்லுங்கோ, மந்திரிச்சு விடுவம்."

பக்கத்து வீட்டு அருள்நாயகி கருவாடு போடுகிறவர். அவருடைய ஆடு காணாமற்போனபோது பெற்றிசியா கல்லில் கை வைத்து, "வடக்கை" என்றார். தெற்கே கடல்; ஆடு வேறெங்கே போகும்? ஆனாலும் ஆடு வடக்கே அகப்பட்டது. பெற்றிசியாவுக்கு ஞானம் இருப்பதாக ஊர் முடிவுசெய்தது. அவருக்கு மட்டும் அதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தினமும் பொழுதுபடும் நேரத்தில் வெள்ளை அங்கியோடு நடுவில் நின்றார். கண் காய்ந்தே இருந்தது.

ஆனியில் சோளகக் காற்று எழுந்தது. காகத்துக்காகக் கருவாட்டின்மேல் மூடியிருந்த வலையைக் காற்று தூக்கி எறிந்தது.

"அக்கா, வலைக்குப் பாரம் வைக்க உங்கட வட்டத்திலை ரெண்டை உருட்டிக்கொண்டு போனனான்."

"ஒன்பது இருக்கோணும், அருள்நாயகி."

"ஒன்பதுக்கு வாறவர் ஏழுக்கு வரமாட்டாரே?"

சான்றிதழில் இதைப்பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த கிழமை நவரத்தினம் உழவு இயந்திரத்தோடு வந்து இறங்கினார். முகம் சரியில்லை.

"தங்கச்சி, ஒரு பிழை நடந்து போச்சு. ஏத்தினவங்கள் எங்கட வைரவரையும் சேர்த்து ஏத்திப்போட்டாங்கள்."

வரம்பு மூலையில் அவருடைய தகப்பன் காவலுக்கு நட்டு, பொட்டு வைத்துக் கும்பிட்ட கல் அது. இப்போது காவல் இல்லாத வயலுக்குள் இரண்டு கிழமையாகப் பன்றி இறங்குகிறது. மனைவி சிவபாக்கியம் வைரவர் இல்லாமல் வீட்டுப் படலை திறக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"எதண்ணை அவர்?" என்றார் பெற்றிசியா.

"அதுதானே தெரியேல்லை. பொட்டு உங்கட உப்புக் காத்திலை அழிஞ்சு போச்சு."

"வெள்ளிக்கு வெள்ளி கும்பிட்டனீங்கள்தானே?" என்று அருள்நாயகி குறுக்கே விழுந்தார். "ஆளைத் தெரியாதோ?"

"கண்ணை மூடியெல்லோ பிள்ளை கும்பிடுறது!" நவரத்தினம் பெற்றிசியா பக்கம் திரும்பினார். "நீங்கள் கை வைச்சுப் பாத்தால் தெரியுமாம், ஆட்டைக்கூடக் கண்டுபிடிச்சனீங்களாம். ஒருக்கால் பாருங்கோ, தங்கச்சி."

பெற்றிசியா அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கல்லில் தெய்வம் இருக்கிறதென்றால் இன்றைக்காவது கைக்கு ஏதாவது தெரியவேண்டும். தெய்வமே தெரியாவிட்டால் கொன்ஸ்ரன்ரைன் எங்கே தெரியப்போகிறார்? முதல் கல்லில் கை வைத்தார். சூடு. வெயில் சூடு. இரண்டாவதும் அப்படியே. ஏழு கல்லையும் முடித்து, அருள்நாயகியின் வலைமேல் கிடந்த இரண்டையும் தொட்டார். அவற்றில் மீன்மணம் கூடுதலாக இருந்தது, வேறொன்றுமில்லை. நவரத்தினம் தோளில் கிடந்த துவாயை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு காத்து நின்றார்.

ஏதாவது ஒன்றைக் காட்டியிருக்கலாம். ஆடு அகப்பட்டதுபோல வைரவரும் அகப்பட்டிருப்பார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை, அண்ணை," என்றார் பெற்றிசியா. "ஒரு கல்லிலையும் தெரியேல்லை. மனுசன் செத்ததே எனக்கு இன்னும் தெரியேல்லை."

நவரத்தினம் துவாயைத் திரும்பத் தோளில் போட்டார்.

"அப்ப ஒன்பதையும் ஏத்துவம். உள்ளுக்கை ஒராள் இருப்பார்தானே. வரம்பைச் சுத்தி நட்டுவிட்டால் ஆர் வைரவர் எண்டு பண்டி பாத்துக்கொள்ளும்."

ஒன்பதும் ஏறின. உழவு இயந்திரம் போனபிறகு கரையில் ஏழு குழிகள் இருந்தன. சோளகம் அவற்றையும் மூடத் தொடங்கியது.

அருள்நாயகி வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கல்லும் போச்சு. சும்மாதானே நிக்கிறியள், அந்த மூலையிலை ஏறி இருங்கோ."

பெற்றிசியா அங்கியை ஒதுக்கிக்கொண்டு வலையின் மூலையில் உட்கார்ந்தார். எதிர் மூலையில் அருள்நாயகி.

"உங்கட மனுசனுக்கு அழவோ இவ்வளவு கல்லும் கொண்டுவந்தனீங்கள்?"

"ஓம்."

"வந்ததே?"

"இல்லை."

"என்ரை மனுசன் கடலுக்குப் போய் ஒன்பது வருசம். எனக்கும் வரேல்லை." அருள்நாயகி ஒரு சூடைக் கருவாட்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். "இன்னும் காயேல்லை. அந்தக் காகத்தைக் கலையுங்கோ."

பெற்றிசியா கையை உயர்த்தினார். காகம் எழும்பி உடைமரத்தில் இருந்தது. பிறகு திரும்பி வந்தது. அவர் மறுபடியும் கையை உயர்த்தினார். பொழுதுபடும்வரை வலை பறக்கவில்லை.