பூஜையில் வைத்த லேப்டாப்

பழைய லேப்டாப் ஒன்றை மறுபடி ஓட வைத்தேனே, அது நான் எனக்குச் செய்துகொண்ட நன்மையா, கெடுதலா? ஆயுத பூஜை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப் அது. கல்லூரி முடியும்வரை அதில்தான் படித்தேன். கல்யாணமாகி போடிக்கு வந்தபோது துணிப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் செருகியிருந்தால்தான் எரியும். திறந்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனால், அரிசி களைந்து போட்டுத் திரும்பும்போதும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"இத மியூசியத்துக்குக் குடுங்க மதினி, டிக்கெட் போட்டுக் காட்டுவாக" என்பார் கொழுந்தனார். அவரும் மாமனாரும் ஏலக்காய்க் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். என் கணவர் மேலே எஸ்டேட்டில் இருக்கிறார், வாரக் கடைசியில் மலையிறங்கி வருவார்.

மகளுக்கு இரண்டு வயது. காற்றடி காலம் வந்தாலே இளைப்பு வந்துவிடும். அவளை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக எனக்குத் துணிவில்லை. போகலாமா என்று யாரும் கேட்கவும் இல்லை. அந்த நிலையில்தான் தோழி ஒருத்தி சொல்லி, தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை கிடைத்தது. மகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் செய்யலாம். நான் செய்து அனுப்பிய மாதிரிக் கோப்பைப் பார்த்துவிட்டு, வேலையை ஒருங்கிணைக்கும் பெண்மணி சென்னையிலிருந்து பேசினார். "நல்லா கேட்டு எழுதறீங்க மேடம். டைமுக்கு வந்துடணும், அவ்ளோதான்." அந்த ஒரு பாராட்டை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முதல் வேலையிலேயே பாதிப் பக்கம் அடித்த பிறகு பிரவுசர் உறைந்துபோய், அடித்ததெல்லாம் போய்விட்டது. நான் ஏதாவது தப்பாக அழுத்திவிட்டேனோ என்று முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். எனக்கு அதுதான் பழக்கம். பிறகுதான் வேறு பிரவுசர்களைப் போட்டுப் பார்த்தேன். என் சோதனை எளிமையானது. வேலைத் தளம், மின்னஞ்சல், மகளுக்கான பாட்டு வீடியோ மூன்றையும் ஒன்றாகத் திறப்பேன். எது மூச்சுத் திணறுகிறது என்று பார்ப்பேன்.

எல்லோரும் வைத்திருக்கும் பிரவுசரில் மூன்றாவதைத் திறந்ததும் விசிறி இரைந்தது. நரிப் படம் போட்டது கொஞ்சம் பொறுமையானது, தமிழ் எழுத்துகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் ஒலியை நிறுத்தி நிறுத்திக் கேட்கும் விசையை அழுத்தினால் ஒரு கணம் தாமதித்தே நின்றது. சிங்க முகம் போட்டது விளம்பரங்களைத் தடுத்ததால் வேகமாக இருந்தது, வேலைத் தளம் மட்டும் அதற்குள் பாதிதான் திறந்தது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் நரியைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த நாளே அது சரியான முடிவுதானா என்று மறுபடி எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். குறை பிரவுசரில் இல்லை, அடியில் ஓடும் விண்டோஸை அந்தக் கிழட்டு இயந்திரத்தால் சுமக்க முடியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் எனக்குப் புதிதல்ல. பள்ளியில் கொடுத்தபோதே அந்த லேப்டாப்பில் அதுவும் இருந்தது. நாங்கள் எல்லோரும் கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றிக்கொண்டோம். இப்போது அதைத் தேடிப் போனேன். பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்று தெரிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. பிடிக்காவிட்டால் பென்டிரைவை உருவிவிட்டால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும். என் வாழ்க்கையில் வேறு எதையும் இப்படிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய யாரும் விட்டதில்லை.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. முதலில் போட்டது பார்க்க அழகாக இருந்தது, நகரத்தான் மறுத்தது. அடுத்தது மெலிந்த வகை. சட்டென்று திறந்தது, ஆனால் வைஃபை கிடைக்கவில்லை. அதைச் சரிசெய்யும் மென்பொருளை இறக்க இணையம் வேண்டும், இணையம் வேண்டுமென்றால் அந்த மென்பொருள் வேண்டும். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனைக் கேபிளில் மாட்டி அதன் வழியாக இணையம் கொடுத்து இறக்கினேன். தமிழ் விசைப்பலகை சேர்த்தேன். மகளின் படங்களைப் போனிலும் இன்னொரு பென்டிரைவிலும் நகலெடுத்து, திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் விண்டோஸை அழித்தேன்.

லேப்டாப் ஓடியது. விசிறிச் சத்தம் அடங்கியது. நான் அனுப்பிய வேலைகள் நேரத்துக்குப் போயின. சென்னைப் பெண்மணி அடுத்தடுத்துக் கோப்புகள் அனுப்பத் தொடங்கினார்.

கொழுந்தனார் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தார். "என்ன மதினி, பொட்டி பறக்குது! என்ன செஞ்சீக?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குக் கடைச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமிக்கு முன்னால் அடுக்குவார்கள். எடைமெஷின், ஏலக்காய் சலிக்கும் சல்லடைகள், சாக்குத் தைக்கும் ஊசி, ஜீப் சாவி, கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் காலையில் அவற்றை அப்படியே ஜீப்பில் ஏற்றிக் கடையில் இறக்கி, புதுக் கணக்கு எழுதித் தொழில் தொடங்குவார்கள். அதுவரை எதையும் தொடக் கூடாது.

"ஏத்தா, ஒன் பொட்டியையும் கொண்டா. அதுவும் தொழில் செய்யுற சாமான்தான?" என்றார் அத்தை, என் மாமியார்.

நான் செய்வதை அந்த வீட்டில் தொழில் என்று ஒருவர் சொன்னது அன்றுதான். கண் கலங்கிவிட்டது. லேப்டாப்பைத் துடைத்து, சல்லடைகளுக்குப் பக்கத்தில் நானே வைத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் அனுப்ப வேண்டிய கோப்பு ஒன்று பாதியில் நின்றது. காலையில் எடுத்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

காலையில் மகளுக்கு இளைப்பு. உள்ளறையில் அவளுக்கு ஆவி மருந்து பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது சாமி முன்னால் பொரியும் வாடிய பூவும் மட்டும் இருந்தன.

"அத்தே, லேப்டாப் எங்க?"

"கடைச் சாமானோட ஏத்திட்டுப் போய்ட்டானே. பூசையில இருந்ததெல்லாம் ஒண்ணாத்தான போகும்?"

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "கடை கம்ப்யூட்டர் படுத்துருச்சுல்ல மதினி, இது நல்லாத்தான ஓடுது. சாமி பாத்து குடுத்த மாதிரி. பாஸ்வேர்டு சொல்லுங்க."

"எனக்கு இன்னைக்கு வேலை ஒண்ணு முடிச்சு அனுப்பணும்..."

"போன்ல முடிச்சுருங்க மதினி. இங்கன ஆள் நிக்கிறாக, சொல்லுங்க."

சொன்னேன்.

பூஜைக்கு வந்திருந்த கணவரிடம் அழுதேன். "வீட்டுச் சாமான்தான, அங்கன இருந்தா என்ன, இங்கன இருந்தா என்ன? நல்ல நாளும் அதுவுமா அவன்கிட்டப் போயி சண்டை போடச் சொல்றியா?" என்றார். அது சரியாக ஓடாமல் கிடந்த வருடங்களில் யாரும் அதை வீட்டுச் சாமான் என்று சொன்னதில்லை. "ஒன் பொட்டி" என்றுதான் சொன்னார்கள்.

போனில் ஒலியைக் கேட்டு, போனிலேயே அடித்து, பாதி வரிகூடத் தேறவில்லை. சென்னைப் பெண்மணி இன்னும் ஒரு நாள் கொடுத்தார். அதிலும் முடியவில்லை. அதன் பிறகு கோப்பு வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

கடையிலும் அது நிலைக்கவில்லை. பில் போடும் மென்பொருள் லினக்ஸில் ஏறவில்லையாம். கடைக்கு வழக்கமாக வருகிற கம்ப்யூட்டர்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்தாராம். மறுபடி நீல வட்டம். தீபாவளிக்குக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்கள்.

"இந்தாங்க மதினி, ஒங்க பொட்டி. ஆமை கெட்டது போங்க. நீங்க என்னமோ மாயம் பண்ணி வச்சிருந்தீக, அது போச்சு" என்று சிரித்துக்கொண்டே கட்டில் மேல் வைத்தார் கொழுந்தனார். அவர் கெட்டவர் இல்லை. தான் எதையும் எடுத்துக்கொண்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை. விசைகளின் இடுக்கில் ஏலக்காய்த் தூசி இருந்தது. பழைய பிரஷ்ஷால் தட்டித் தட்டித் துடைத்தேன். என்ன செய்ய, கோபத்தைக் காட்ட அந்த வீட்டில் எனக்கு வேறு இடம் இல்லை.

போன வாரம் சென்னைப் பெண்மணியிடமிருந்து செய்தி வந்தது. புது வேலை தொடங்குகிறது, நேரத்துக்குத் தர முடியும் என்றால் மாதிரிக் கோப்பை மறுபடி செய்து அனுப்பலாம் என்றார். ஒரு மத்தியானத்தில் லேப்டாப்பைப் பழையபடி ஓட வைத்துவிட எனக்குத் தெரியும். ஆனால் மாமனார் நேற்றுச் சாப்பிடும்போது, எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் தேவலை என்றார். சொல்லிவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார்.

வேகமாக ஓடுவதை மறைத்து வைக்கலாம் என்றால், எத்தனை நாளைக்கு? கம்பெனி கொடுத்த பொருள் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வராது. பாஸ்வேர்டைத் தர மாட்டேன் என்று பெரியவர்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் வராது. ஓட வைக்காமலே விட்டால் வேலை போய்விடும், இனி கேட்கவும் மாட்டார்கள். மாதிரிக் கோப்பை இந்த வாரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள் இருப்பீர்கள். "இது என் வேலைக்கான பொருள், யாருக்கும் தர முடியாது" என்பதை உங்கள் வீட்டில் யாரிடம் முதலில் சொன்னீர்கள்? கணவரிடமா, மாமியாரிடமா? எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள்? தயவுசெய்து அந்த வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்புங்கள்.